'மான்சூன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மழைக்காலம் என்றுதான் பொருளா? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

குரூப் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போல. அந்தச் சொல்லின் முதல் பொருள் காற்று. பருவத்துக்குப் பருவம் திசை மாறி வீசும் காற்று. மழை அது கூட்டி வருவது.

அரபியில் 'மவ்சிம்' என்றால் பருவம். எந்த மாதம் பாய் விரித்தால் அரபிக்கடலைக் கடக்கலாம் என்று காற்றைப் பார்த்துக் கிளம்பிய மாலுமிகளின் சொல். போர்ச்சுக்கீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குப் போனது. இந்தி 'மௌசம்', மலாய் 'மூசிம்' எல்லாம் அதே வேர்தான். 1686-ல் எட்மண்ட் ஹாலி (ஹாலி வால்நட்சத்திரத்துக்கு இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்) மான்சூனுக்கு வரைபடம் போட்டபோதும் காற்றின் திசையைத்தான் காட்டினார்.

நான் கயத்தாறு பக்கம் காற்றாலையில் பராமரிப்பு வேலை பார்ப்பவன். ஆனி, ஆடியில் கோபுர உச்சியில் மூடியைத் திறந்து தலையை நீட்டினால் மேற்கே மலை முழுக்கக் கருமேகம். குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருக்கும். எங்களுக்குக் கீழே புழுதி பறக்கும். சட்டை படபடவென்று அடிக்கும், ஸ்பேனரைக் கயிற்றில் கட்டாமல் கையில் எடுக்க முடியாது. மழை பேருக்குத்தான். ஆனாலும் அது முழு மான்சூன். நாங்கள் 'சீசன்' என்போம்.

இதையெல்லாம் கேட்டு வளர்ந்த என் மகள் பரீட்சையில் 'பருவக்காற்று' என்று எழுதினாள். அடித்துவிட்டு, சிவப்பு மையில் 'மழைக்காலம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். பேப்பரோடு போய்க் கேட்டேன். "கைடுல இப்படித்தான் சார் இருக்கு" என்றார் டீச்சர். மார்க் போடவே இல்லை. அன்றைக்கு அரை நாள் சம்பளமும் எனக்குப் பிடித்தம். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் காற்று வீசும்வரை ஞாயிறும் கிடையாது, காற்று நின்றால் ஆளே வேண்டாம் என்பார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அகராதியில் மழைக்காலம் என்றும் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அது தப்பென்று நான் சொல்லவில்லை. காற்று என்று எழுதியதை அடித்ததுதான் தப்பு. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை பெய்வதே வடகிழக்குக் காற்று வங்கக்கடல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருவதால்தானே?

தேர்வில் கேட்டால் 'பருவந்தோறும் திசை மாறும் காற்று, அது தரும் மழை' என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். அடிக்க இடம் கொடுக்காதீர்கள்.