நானோ ஊசி: மூட்டுக்குள் மருந்து தங்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. முழங்கால் தேய்மானம், கூடவே சர்க்கரை. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம்தான் நிம்மதி. 'நானோ ஊசி' என்றால் மருந்து மாதக்கணக்கில் மூட்டிலேயே நிற்குமாமே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மூட்டுக்குள் நிற்க நானோ துகள் ரொம்பச் சின்னது. மூட்டுச் சவ்வில் ரத்தக்குழாயும் நிணநீர்க் குழாயும் நெருக்கமாக ஓடுகின்றன. கரைந்த மருந்து சில மணி நேரத்தில் அந்த வழியே போய்விடும். 100 நானோமீட்டர் துகளும் மெல்ல நழுவிவிடும். தலைமுடியின் பாதிப் பருமன், அதாவது சுமார் 40 மைக்ரோமீட்டர் இருந்தால் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

அமெரிக்காவில் 2017 அக்டோபரில் அனுமதி பெற்ற ஜில்ரெட்டா என்ற மூட்டு ஊசி அப்படிப்பட்டது. தானாகக் கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் பிஎல்ஜிஏ பாலிமர் உருண்டைகளுக்குள் 32 மில்லிகிராம் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு. பாலிமர் நீரில் உடைய உடைய மருந்து கசியும்; 12 வாரம் வரை மூட்டுத் திரவத்தில் மருந்து தென்பட்டிருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு லாபம்: சாதாரண ஊசி போட்ட கையோடு ஏறுகிற அளவுக்கு ரத்தச் சர்க்கரை இதில் ஏறவில்லை. வலியில்? வெறும் உப்புநீர் ஊசியை வென்றது. சாதாரண 40 மில்லிகிராம் ட்ரையம்சினலோனை, தினசரி வலிக் கணக்கில், தெளிவாக வெல்லவில்லை. விலை கேட்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

கலக்குவதில்தான் கோட்டை விடுவார்கள். பொடியாக வரும் ஜில்ரெட்டா சர்க்கரைபோல் கரையாது, மாவுபோல் மிதக்கும். குப்பியைத் தட்டிப் பொடியை உதிர்த்து, கூடவே வரும் 5 மில்லி திரவத்தில் கட்டியில்லாமல் பால்போல் ஆகும்வரை சுழற்ற வேண்டும். வேறு திரவம் கூடாது. கலக்கிவிட்டுத் தாமதித்தால் அடியில் படிந்து, பாதி மருந்து குப்பியோடு நின்றுவிடும்.

கேள்வி: எனக்கு முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட். மறுநாள் முழுக்கக் குமட்டல். லிபோசோம் என்ற கொழுப்புக் குமிழில் அடைத்துத் தர முடியாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நானோவுக்கு உரிய இடம் இதுதான். அழற்சி கண்ட மூட்டில் ரத்தக்குழாய்ச் சுவர் ஒழுகும். நரம்பு வழி ஏற்றிய 100 நானோமீட்டர் லிபோசோம் அங்கே கசிந்து இறங்கும்; மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் எதிர்ப்புச் செல்கள் அதை விழுங்கிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், கல்லீரலும் மண்ணீரலும் முந்திக்கொள்ளும். அதைத் தடுக்கப் பெக் என்ற பாலிமரைப் போர்த்துகிறார்கள். சிலருக்கு அந்தப் பெக்குக்கே எதிர்ப்புப் பொருள் உண்டாகி, அடுத்த டோஸ் சீக்கிரம் வெளியேறிவிடுகிறது. ஜப்பானில், சோயா எண்ணெயின் நுண்துளிகளில் டெக்ஸாமெத்தசோன் பால்மிட்டேட் என்ற ஸ்டீராய்டை ஏற்றிய லிமெத்தசோன் ஊசி முடக்குவாதத்துக்குப் புழக்கத்தில் உண்டு. லிபோசோம் மெத்தோட்ரெக்ஸேட் இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டு வரவில்லை.

இப்போதைக்கு டாக்டரிடம் மூன்று கேளுங்கள்: ஃபோலிக் அமிலம் போதுமான அளவு இருக்கிறதா, அதே நாளில் மாத்திரையை இரண்டு வேளையாகப் பிரிக்கலாமா, தோலடி ஊசிக்கு மாறலாமா. 'பிரிப்பது' என்று தினம் ஒரு மாத்திரையாக விழுங்கிவிடாதீர்கள். எலும்பு மஜ்ஜையே படுத்துவிடும்.

கேள்வி: டப்பாவில் 'நானோ' என்று போட்ட வலி ஜெல் தேய்ந்த எலும்பைச் சரியாக்குமா?
– வாசகர், சேலம்

பதில்: ஆக்காது. வலிக்கென்றால் சாதாரண 1% டைக்ளோஃபெனாக் ஜெல் போதும். ஆனால் பட்டாணி அளவு தடவிப் பயனில்லை; ஒரு முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், அதாவது டியூபிலிருந்து 11 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். தினம் நான்கு வேளை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.