சாரலும் லென்ஸும்: பயணப்படக் கேள்வி-பதில்

குற்றாலத்தில் எடுத்தால் அருவி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி விழுகிறது. வெளிநாட்டுப் படங்களில் மட்டும் பட்டு நூலாக இறங்குகிறதே! விலை கூடின கேமரா வேணுமா, அண்ணாச்சி?
*தென்காசி வாசகர்*

வேண்டாம். நீங்கள் போன நேரம்தான் தப்பு. உச்சி வெயிலில் தண்ணீர் வெளுத்துப்போகும், பாறை கறுத்துப்போகும். இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க எந்தக் கேமராவாலும் ஆகாது. காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள், இல்லையென்றால் சாரல் மேகம் மூடிய நேரம் போங்கள்.

நூல் மாதிரி வருவது ஷட்டர் வேகத்தால், அதாவது கேமராவின் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதால். தண்ணீர் மெலிந்து விழும்போது 1/4 முதல் 1 விநாடி வரை வைக்கலாம். வெள்ளம் கொட்டுகிற நாளில் அதே 1 விநாடி வைத்தால் அருவி இழையே தெரியாமல் பால் கட்டி மாதிரி ஆகிவிடும். 1/15 அல்லது 1/8 போதும், இழை தெரியும். டிரைபாட் (முக்காலி) கட்டாயம். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளை; எண் கூடினால் துளை சிறுக்கும்) 11 வைத்தும் ஷட்டர் 1/30-ஐவிட மெதுவாகவில்லையா? என்டி8 என்ற இருண்ட கண்ணாடி ஃபில்டர் போட்டால் எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே போகும். 1/30 என்பது 1/4 ஆகிவிடும். ஃபில்டர் இல்லையே என்று எஃப் 22-க்கு ஓடாதீர்கள், படம் முழுக்க மழுங்கும். போலரைசர் என்ற ஃபில்டர் இருந்தால் அது ஈரப் பாறையின் பளபளப்பையும் இலையின் மினுக்கத்தையும் அடக்கும். வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப் குறைத்தே எடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும், கூட்டினால் இரட்டிக்கும்). வெளுத்துப்போன தண்ணீரை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

துளி தெறிப்பதுதான் பெரிய தொல்லை. எஃப் 11-ல் லென்ஸ் மீது ஒரு துளி இருந்தாலும் படத்தில் வட்டக் கறை விழும். லென்ஸைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்தே வைத்திருந்து, எடுக்கும்போது மட்டும் நிமிர்த்துங்கள். துடைக்க மூன்று துணியாவது வேண்டும். ஒன்று பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஐஸ்லாந்தின் ஸ்கோகாஃபோஸ் அருவி முன்னால் நின்றாலும் இதே பாடுதான். அங்கே போகிறவர்கள் ஆடி மாதம் ஐந்தருவியில் ஒரு வாரம் பழகிவிட்டுப் போவது நல்லது.

இன்னொன்று: குளிக்கிறவர்கள் பக்கம் லென்ஸைத் திருப்பவே கூடாது. 100 முதல் 200 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு அருவியின் மேல்பாதியை மட்டும் எடுங்கள். படமும் அதில்தான் நன்றாக வரும்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடாவை எடுத்தால் இறகே தெரியாமல் வெள்ளைத் திட்டாக வருகிறது. ஏன்?
*நாங்குநேரி வாசகர்*

பின்னால் கருவேல மரம் இருண்டு நிற்கிறது. கேமரா அந்த இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, பறவை வெளுக்கிறது. அளவை 2/3 முதல் 1 ஸ்டாப் வரை குறையுங்கள். அதே பறவை வெளிர் வானத்தில் பறந்தால் தலைகீழ். 1 ஸ்டாப் கூட்ட வேண்டும். பறப்பதை எடுக்க ஷட்டர் 1/2000, பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ். சிறகை விரித்து மிதந்து இறங்கும் நாரைக்கு 1/1000 போதும். இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துக்குத் தரையோடு தரையாகப் படுத்து எடுங்கள். நின்றபடி எடுத்தால் வெறும் முதுகுதான் கிடைக்கும்.

பறக்க வைக்கக் கை தட்டுவது, கூட்டுக்கு நேர் கீழே போய் நிற்பது இரண்டும் வேண்டாம். பதறினால் குஞ்சு கீழே விழும். பறவைக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்த ஊர் அது, நினைவிருக்கட்டும்.

தேரிக்காட்டுச் செம்மண் நேரில் ரத்தச் சிவப்பு, படத்தில் பழுப்பு. ஜோர்டானின் வாடி ரம் பாலைவனம் போகிறேன், அங்கேயும் இப்படித்தான் ஆகுமா?
*திசையன்விளை வாசகி*

ஆகும். நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ வொயிட் பேலன்ஸ், படம் முழுக்கச் சிவப்பாக இருப்பதைப் பிழை என்று நினைத்து நீலத்தைச் சேர்க்கிறது. ‘டே லைட்’ அல்லது 5500 கெல்வின் என்று நிலையாக வைத்துவிடுங்கள். ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சிவப்பு, பச்சை, நீலம் மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்த அளவு சரியாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். அப்போது மணலின் வரிகள் அழிந்துவிடும். அலை அலையாக மடிப்பு தெரிய வேண்டுமென்றால் சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரம்தான். காற்றில் லென்ஸை மாற்றவே மாற்றாதீர்கள். மணலை முதலில் ப்ளோயரால் ஊதுங்கள், அதன் பிறகே துணி. நேரே துணி போட்டால் கீறல்தான்.

பிள்ளைகளுக்கு மே மாத லீவு. வட துருவ ஒளி பார்க்க நார்வேயின் ட்ரோம்சோ போகலாமா?
*பாளையங்கோட்டை வாசகர்*

போனால் நடுராத்திரிச் சூரியனைப் பார்த்துவிட்டு வரலாம்! மே நடுவிலிருந்து ஜூலை கடைசிவரை அங்கே சூரியன் மறைவதில்லை. இருட்டு இல்லாமல் ஒளி தெரியாது. செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் காலம். காலாண்டுத் தேர்வு விடுமுறை உங்களுக்குச் சரியாகப் பொருந்தும். பகலும் இரவும் சமமாகும் அந்த நாட்களை ஒட்டி ஒளி அதிகம் தோன்றுவதும் உண்டு. ஒரே ராத்திரியை நம்பிப் போகாதீர்கள், மேகம் மூடினால் எல்லாம் போச்சு. நான்கைந்து ராத்திரி தங்குங்கள்.

அகல லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, 5 முதல் 10 விநாடி. ஒளி துள்ளி ஆடினால் 2 விநாடிக்கு இறங்குங்கள், இல்லாவிட்டால் திரைச்சீலை மடிப்பு போய் வெறும் பச்சைப் புகை மிஞ்சும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது புள்ளியாகும்வரை கையால் திருப்புங்கள். லென்ஸில் இருக்கும் முடிவிலிக் குறியை நம்பி ராத்திரி முழுக்கப் படம் மங்கலாக எடுத்துவந்தவர்கள் நிறையப் பேர்.

குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். மாற்று பேட்டரிகள் உள்சட்டைப் பையில் இருக்கட்டும். அறைக்குள் வருமுன் கேமராவைப் பாலித்தீன் உறையில் போட்டு மூடி, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் திறங்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படிவதால்தான் லென்ஸ் வேர்க்கிறது. ஏசி காரிலிருந்து குற்றாலத்தில் இறங்கினதும் நடப்பதும் அதேதான்.

நார்வே உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் ஆகாது. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்காவது இருக்க வேண்டும். பாஸ்போர்ட், அந்த நாடுகளைவிட்டுக் கிளம்பும் நாளிலிருந்து மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

மொராக்கோவுக்கு ட்ரோன் கொண்டுபோகலாமா?
*வள்ளியூர் வாசகர்*

கூடாது. விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நம்மூரிலும் கூடங்குளம் அணுமின் நிலையம் பக்கம் பறக்கவிட நினைக்காதீர்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்திலும் அப்படியே.

பவர் பேங்க் எவ்வளவு பெரியது எடுத்துப்போகலாம்?
*அம்பாசமுத்திரம் வாசகி*

100 வாட்-அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) வரை கைப்பையில் மட்டும். 20,000 எம்ஏஎச்சை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் 74, கவலையில்லை. 30,000 என்றால் 111, விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அளவு அச்சு அழிந்துபோன பழசை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலுக்கு விடிகாலை போனேன். கோபுரம் கறுப்பாகவே விழுந்தது. நெல்லையப்பர் கோயில் கீழைக் கோபுரம் காலையில் பொன்னாக மின்னுமே!
*சங்கரன்கோவில் வாசகர்*

நெல்லையப்பர் கிழக்கு பார்த்த கோயில். அங்கோர் வாட் மேற்கு பார்த்தது. நீங்கள் மேற்கில் நின்றீர்கள், சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் எழுந்தது. கறுக்காமல் என்ன செய்யும்? காலையில் அந்த நிழலுருவத்தையே எடுங்கள், இடப்பக்கக் குளத்தில் பிம்பம் சேர்த்து. வானத்துக்கு அளவு வைத்தால் போதும். கல்லின் நிறமும் முகப்பும் வேண்டுமானால் மாலை நாலு மணிக்குத் திரும்பப் போங்கள். சிற்பங்களுக்குச் சாய்ந்து விழும் வெளிச்சம்தான் நல்லது. அடுத்த நாளுக்கான சீட்டை முந்தின நாள் மாலையே வாங்கிவிடுங்கள்; அதில் உங்கள் முகத்தைப் படம் பிடித்து அச்சிடுவார்கள் என்பதால் விடியற்காலையில் வரிசை நீளும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வேட்டி தாராளமாகப் போதும்.