கேம் ஜாமுக்கு ஒரு சின்னப் புதிர்: கருப்பொருளை விதியில் வையுங்கள்

கேள்வி: கொடுக்கும் கருப்பொருளில் 48 மணி நேரத்துக்குள் கேம் செய்து முடிக்கும் கேம் ஜாம் ஒன்றில் முதல்முறையாக, தனியாகக் கலந்துகொள்ளப் போகிறேன். புதிர் கேம் செய்ய ஆசை. கேம் செய்யும் மென்பொருளான கோடோட் ஓரளவு தெரியும், படம் வரைய வராது. கருப்பொருள் ஜாம் தொடங்கும்போதுதான் தெரியும். அதை எப்படிக் கேமுக்குள் கொண்டுவருவது? எத்தனை லெவல் வேண்டும்? எங்கே நேரம் வீணாகும்?

பதில்: படம் வரைய வராதது புதிர் கேமுக்குக் குறையே இல்லை. நாலு நிறத்தில் சதுரங்கள் போதும். உங்கள் நேரத்தை விழுங்கப்போவது லெவல்கள். விதியை நிரலாக எழுத ஆறு மணி நேரம் ஆனால், நல்ல லெவல்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு ஆகும். பலர் இதைத் தலைகீழாகக் கணக்குப்போட்டுவிட்டு, கடைசி இரவில் அவசரமாக லெவல் அடுக்குகிறார்கள்.

முதலில் கருப்பொருள். அறிவித்தவுடன் மனதில் வருவது பெரும்பாலும் ஒரு படமாகத்தான் இருக்கும். 2025 ஜிஎம்டிகே கேம் ஜாமின் கருப்பொருள் ‘லூப்’, அதாவது வளையம். கேட்டதும் ராட்டினம், வட்டமான ரயில் பாதை, ஒரே நாளில் சிக்கிக்கொண்ட ஆள் என்று தோன்றும். மற்றவர்களுக்கும் அதேதான் தோன்றும். ஒரு எளிய சோதனை: திரையில் உள்ள எல்லாவற்றையும் சாம்பல் நிறச் சதுரங்களாக மாற்றிவிட்டாலும் கருப்பொருள் தெரிகிறதா? தெரிந்தால் அது விதிக்குள் இருக்கிறது. தெரியாவிட்டால் மேலே ஒட்டியிருக்கிறீர்கள்.

இதற்கு நல்ல சான்று ‘பாபா இஸ் யூ’ என்ற புதிர் கேம். 2017 நார்டிக் கேம் ஜாமின் கருப்பொருள் ‘நாட் தேர்’, அதாவது ‘அங்கே இல்லை’. ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி தெய்காரி அதிலிருந்த ‘நாட்’ (இல்லை) என்பதை மட்டும் தர்க்கக் குறியாகப் பிடித்துக்கொண்டு, கேமின் விதிகளையே தள்ளி நகர்த்தக்கூடிய சொற்கட்டைகளாக்கினார். முழு கேம் 2019இல் வந்தது.

உங்களுக்கு அவ்வளவு பெரிய யோசனை தேவையில்லை. பழகிய கேம் ஒன்றில் ஒரே ஒரு விதியை மாற்றினால் போதும். ஜப்பானில் 1982இல் வெளியான சோகோபானை எடுத்துக்கொள்வோம். பெட்டிகளை இலக்குக் கட்டங்களில் சேர்க்க வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. ‘வளையம்’ என்ற கருப்பொருளுக்கு ஒரு விதி சேர்ப்போம்: பலகையின் வலது விளிம்பைத் தாண்டினால் இடது விளிம்பில் வந்து சேர வேண்டும், மேலும் கீழும் அப்படியே, ஆளுக்கும் பெட்டிக்கும்.

நிரலைத் தொடும் முன் கட்டம்போட்ட தாளில் 7×7 பலகை வரைந்து நாணயங்களை நகர்த்திப் பாருங்கள். சோகோபானின் கடினமெல்லாம் சுவரோரம் ஒட்டிய பெட்டி திரும்ப வராது என்பதில் இருக்கிறது. விளிம்பே இல்லாவிட்டால் அந்தக் கடினம் போய்விடும். அடைப்பில்லாத வரிசையில் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து தள்ளலாம், அது இழுப்பதற்குச் சமம். ஆகவே உள்ளே சுவர் வைக்காத பலகை சப்பென்று இருக்கும். அதே சமயம் ஆட்டக்காரருக்கு ‘அட!’ என்று பொறிதட்டும் இடமும் இதுவேதான். விதி நன்மையும் தீமையுமாக எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று அரை மணி நேரம் நாணயத்தோடு தேடினால் பாதி லெவல்கள் கிடைத்துவிடும்.

ஒரு லெவலைப் பிரித்துப் பார்ப்போம். ஒரே வரிசை, 7 கட்டம். ஆள் 2ஆம் கட்டத்தில், இலக்கு 3இல், பெட்டி 5இல். சாதாரண சோகோபானில் இது முடியாது. இங்கே ஆள் இடப்பக்கம் வெளியேறி 7இல் நுழைந்து, 6க்கு வந்து, பெட்டியை இரண்டு முறை இடப்பக்கம் தள்ளினால் முடிந்தது. நீங்கள் நினைத்த விடை அது. ஆனால் வலப்பக்கமாகவே ஐந்து முறை தள்ளினாலும் பெட்டி 6, 7, 1, 2 என்று சுற்றி 3க்கு வந்துவிடும். இப்படி நினைக்காத விடை கிட்டத்தட்ட எல்லா லெவலிலும் ஒளிந்திருக்கும். இந்த லெவலில் இரண்டு வழியும் வளையத்தைத்தான் கற்றுத்தருகின்றன, அப்படியே விட்டுவிடலாம். எட்டாவது லெவலில் குறுக்குவழி ஒன்று முழு யோசனையையும் தாண்டிக்கொண்டு போனால் ஒரு சுவர்க் கட்டம் வைத்து அடைத்தே தீர வேண்டும்.

எண்ணிக்கை: 15 செய்து, 8 மட்டும் வையுங்கள். முதல் மூன்றில் விளக்க வரிகள் இல்லாமலே விதி புரிய வேண்டும். முதல் லெவலில் ஆளுக்கும் இலக்குக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை சுவர் போட்டால், விளிம்பைத் தாண்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது. இரண்டாவதில் இடது விளிம்பில் ஒட்டிய பெட்டி, இலக்கு வலது விளிம்பில். உங்களுக்கு நாலாவது லெவல் ‘ரொம்ப சுலபம்’ என்று தோன்றினால் அது மற்றவருக்கு ஏழாவதாக இருக்கத்தான் தகுதி. செய்தவருக்கு ஒருபோதும் கடினம் தெரியாது.

இனி நிரல். லெவல்களை எழுத்து வடிவில் வையுங்கள்: சுவருக்கு #, பெட்டிக்கு $, ஆளுக்கு @, இலக்குக்குப் புள்ளி. ஒரு லெவலை மாற்ற ஐந்து விநாடிதான் ஆகும். சுற்றிவரும் கணக்கில் வகுத்த மீதி காணச் சதவீதக் குறி (%) போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். கோடோட் நிரல்மொழியில் −1ஐ 7ஆல் வகுத்த மீதி −1 என்றே வரும், ஆள் பலகைக்கு வெளியே போய்விடுவார். ‘பாஸ்மாட்’ (posmod) என்ற செயற்கூறு 6 தரும். அதையே எங்கும் பயன்படுத்துங்கள்.

அடுத்தது அண்டூ, அதாவது கடைசி நகர்வைத் திரும்பப்பெறும் வசதி. இதை முதல் நாளே எழுதுங்கள். அண்டூ இல்லாத தள்ளுபுதிரை மூன்றாவது லெவலில் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். ஒவ்வொரு நகர்வுக்கு முன்னும் ஆள், பெட்டிகள் இருக்கும் இடங்களை ஒரு பட்டியலில் சேமித்தால் போதும். இவ்வளவு சிறிய பலகைக்கு நினைவகக் கவலை வேண்டாம். இரண்டு இடங்களில் தவறு நேரும். பட்டியலை நகலெடுக்காமல் சேமித்தால், கோடோட் அதே பட்டியலைத்தான் சுட்டும், சேமித்தவை எல்லாம் ஒன்றாகவே இருக்கும், அண்டூ செய்தால் எதுவும் அசையாது. சுவரில் முட்டி நகராத அழுத்தத்தையும் சேமித்தால், ஆட்டக்காரர் மூன்று முறை அண்டூ அழுத்தியும் ஒன்றும் நடக்காமல் எரிச்சலடைவார். ரீஸ்டார்ட்டையும் ஒரு நகர்வாகச் சேமியுங்கள், கைதவறி அழுத்துபவர்கள் நிறைய.

அசைவூட்டத்தில் ஒரு கண்ணி உண்டு. வலது விளிம்பில் போகும் பெட்டியை மென்மையாக நகர்த்தச் சொன்னால், அது இடது விளிம்புக்குப் பலகை முழுவதையும் குறுக்கே கடந்து ஓடும். விளிம்பைத் தாண்டும் நகர்வுக்கு மட்டும் இரண்டு படம்: ஒன்று வெளியே போகிறது, இன்னொன்று மறுபக்கத்திலிருந்து உள்ளே வருகிறது. நேரமில்லையா, அந்த நகர்வுக்கு அசைவையே விட்டுவிடுங்கள். எப்படியிருந்தாலும் கணக்கு முதலில் முடியட்டும், படம் பின்னால் வந்து சேரட்டும். அசைவு முடியும்வரை விசையை ஏற்காத கேம் மந்தமாகத் தெரியும்.

விளிம்பு சுற்றாத, வெறும் தள்ளல் சார்ந்த யோசனை என்றால் கோடோட்கூட வேண்டாம். ஸ்டீபன் லாவெல் 2013இல் வெளியிட்ட, புதிர் கேம் செய்யும் கருவியான பஸ்ஸில்ஸ்கிரிப்டில் அண்டூவும் ரீஸ்டார்ட்டும் கூடவே வரும், ஒவ்வொரு பொருளும் 5×5 புள்ளிப் படம், ஒரே கோப்பாக வெளிவரும்.

ஒலிக்கு, பிரவுசரிலேயே சின்னச் சத்தங்களை உருவாக்கும் ஜேஎஸ்எஃப்எக்ஸ்ஆர் போதும்: நடை, தள்ளல், முட்டல், இலக்கு, முடிவு என ஐந்து. பின்னணி இசை வேண்டியதில்லை.

முதல் 24 மணி நேரம் முடியும்போது, மூன்று லெவல் மட்டும் இருந்தாலும், கேம்களை வெளியிடும் தளமான இட்ச்.ஐஓவில் ஏற்றிப் பிரவுசரில் ஓட்டிப் பாருங்கள். கோடோட் 4இல் சி ஷார்ப்பில் எழுதிய கேமுக்கு வலைப் பதிப்பு எடுக்க முடியாது, கோடோட்டின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டிலேயே தொடங்குங்கள். வலைப் பதிப்பு ‘கம்பாட்டிபிலிட்டி’ ரெண்டரரில் (திரையில் படம் வரையும் பகுதி) மட்டும்தான் ஓடும். ஏற்றுமதியில் ‘த்ரெட் சப்போர்ட்’ அணைந்திருக்கட்டும் (4.3 முதல் இந்த வசதி உண்டு), இல்லாவிட்டால் பிழைச்செய்தி மட்டுமே தெரியலாம். முகப்புக் கோப்பின் பெயர் ‘இண்டெக்ஸ்’ (index.html) என்றிருக்க வேண்டும், ஜிப்பைத் திறந்தவுடன் அது முதலிலேயே இருக்க வேண்டும், உள்ளே இன்னொரு ஃபோல்டரில் இருக்கக்கூடாது. விண்டோஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பொருட்டில்லை, வலையில் உண்டு. படம் காணவில்லை என்றால் முதலில் கோப்பின் பெயரைப் பாருங்கள்.

‘தொடங்க இங்கே கிளிக் செய்யவும்’ என்று ஒரு திரை வையுங்கள். கிளிக் செய்யும்வரை பிரவுசர் ஒலியை விடாது, அம்பு விசைகளும் கேமுக்குப் போகாமல் பக்கத்தை நகர்த்தலாம். திரையில் தமிழ் எழுத்து வருமானால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் கோப்போடு சேர்த்து அனுப்புங்கள். கோடோட்டின் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லை. உங்கள் கணினி தன் எழுத்துருவைக் கடன்கொடுத்துக் காப்பாற்றும், வலையில் வெறும் கட்டங்கள்தான் தெரியும்.

இரண்டாம் நாள் காலையில் ஒருவரை உட்காரவைத்து ஆடச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நின்று வாயே திறக்கக்கூடாது. எங்கே ரீஸ்டார்ட்டை மூன்று முறைக்கு மேல் அழுத்துகிறார், எங்கே ஒன்றும் யோசிக்காமல் கடக்கிறார் என்று குறியுங்கள். அந்த லெவல்களை நகர்த்தவோ தூக்கவோ அதுவே போதும். ஜாமில் மதிப்பெண் போடுபவர்கள் பல கேம்களை அடுத்தடுத்து ஆடுகிறார்கள், பத்து நிமிடத்துக்கு மேல் தங்குவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆகவே மிக நல்ல லெவல் ஐந்தாவதாக இருக்கட்டும். எட்டாவதில் ஒளித்துவைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். லெவலைத் தாண்டிப்போக ஒரு விசையும் கொடுங்கள்.

கடைசி இரண்டு மணி நேரத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். அந்த நேரம் கேமின் இட்ச்.ஐஓ பக்கத்துக்கு: விசைகள் எவை, கருப்பொருள் எப்படி விதியானது என்று இரண்டு வரி, பெட்டி விளிம்பைத் தாண்டும் தருணத்தில் எடுத்த ஒரு அசைபடம். சமர்ப்பிக்கும் பொத்தானை முடிவு நேரத்துக்கு ஒரு மணி முன்பே அழுத்திவிடுங்கள். எல்லோரும் கடைசி பத்து நிமிடத்தில் ஏற்றும்போது தளம் திணறும்.