வாசகர் கேள்வி: புக்கரெஸ்டில் அரை நாள்

கேள்வி: வரும் மே மாதம் குடும்பத்தோடு ருமேனியா போகிறோம். புக்கரெஸ்டில் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌசெஸ்கு கட்டிய 'மக்கள் மாளிகை'க்கு அரை நாள்தான் ஒதுக்க முடியும். நேரே போனால் உள்ளே விடுவார்களா? (வாசகி, மதுரை)

பதில்: நேரே போனால் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். அது இன்றைக்கும் நாடாளுமன்றம். கூட்டமோ மாநாடோ நடந்தால் பார்வையாளர் நேரம் சுருங்கிவிடும். முந்தைய நாளே தொலைபேசியில் இடம் பதிந்துகொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் அசல் பாஸ்போர்ட் வேண்டும். அதை ஓட்டல் அறையில் பூட்டிவைத்துவிட்டு ஜெராக்ஸோடு வருபவர்கள்தான் வாசலில் மாட்டிக்கொள்கிறார்கள். பைகளையும் ஸ்கேன் செய்வார்கள்.

மெட்ரோவில் இஸ்வோர் நிலையத்தில் இறங்குங்கள். பிரம்மாண்டமான முகப்பைப் பார்த்து அங்கே போய் நிற்காதீர்கள். பார்வையாளர் வாசல் பக்கவாட்டில், இஸ்வோர் பூங்காவை ஒட்டி இருக்கிறது. கட்டடம் 270 மீட்டருக்கு 240 மீட்டர். தப்பான பக்கம் போனால் சுற்றி வருவதற்குள் உங்கள் நேரம் தாண்டிவிடும். உள்ளே வழிகாட்டியோடுதான் போக முடியும்; காட்டுவதும் சிறு பகுதிதான். பளிங்கும் சரவிளக்குகளும் நாலைந்து கூடத்திலேயே அலுத்துவிடும்.

மிச்ச நேரத்தை வெளியே செலவிடுங்கள். 1984-இல் தொடங்கிய இந்த வேலைக்காக உரானுஸ் என்ற பழைய குடியிருப்பையே இடித்துத் தள்ளினார்கள். மிஹாய் வோதா மடத்தின் தேவாலயம் தப்பியது. 1985-இல் அடித்தளத்தை அறுத்து, கீழே கான்கிரீட் சட்டம் கட்டி, ஜாக்கியால் தூக்கி, தண்டவாளத்தில் 289 மீட்டர் நகர்த்தினார்கள், மணிக்கூண்டையும் அப்படியே. இப்போது அடுக்குமாடிகளுக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது. பூங்காவிலிருந்து நடந்தே போகலாம். வரைபடத்தைப் பார்க்காமல் போனால் கண்ணில் படாது.

பிறகு உனிரி பெருஞ்சாலை. இருபுறமும் தூண்களும் வளைவுகளுமாக மிடுக்கான முகப்புகள். ஏதாவது ஒரு வளைவுக்குள் நுழைந்து பின்பக்கம் போய்ப் பாருங்கள்: அலங்காரமில்லாத சுவர், ஏசி பெட்டிகள், அதற்கப்பால் பழைய தாழ்ந்த வீடுகள். நாடக மேடைத் திரைக்குப் பின்னால் போன மாதிரிதான்.

கேள்வி: பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அங்கே செல்லுமா? (அதே வாசகி)

பதில்: செல்லும். 2025 ஜனவரி 1 முதல் ருமேனியா முழுமையாக ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. அங்கே தங்கும் நாள்களும் விசா நாள் கணக்கில் சேரும், மறந்துவிடாதீர்கள்.