கேள்வி - பதில்: சந்தையைப் படமெடுக்கும் ஸ்டூடியோக்காரர்

கேள்வி: எங்கள் ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர், கல்யாண ஆர்டர் இல்லாத நாட்களில் வாரச்சந்தையைப் படமெடுக்கிறார். அத்தனையும் அருமை. ஆனால் யாருக்கும் தெரியவில்லை. இணையத்தில் நான் அவற்றைப் போடலாமா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: போடலாம், அவரிடம் கேட்டுவிட்டு. சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மேயர், ரோலிஃபிளெக்ஸ் கேமராவோடு தெருத்தெருவாக அலைந்து ஒரு லட்சத்துக்கும் மேல் படமெடுத்தார். வெளியே காட்டியது மிகக் குறைவு. சாமான் போட்டு வைத்திருந்த அறைக்கு வாடகை பாக்கி. 2007-ல் நெகட்டிவ்கள் ஏலத்துக்குப் போயின. ஜான் மாலூஃப் என்ற இளைஞர் ஒரு பெட்டியை வாங்கி, 2009-ல் சில படங்களை ஃபிளிக்கர் என்ற படம் பகிரும் இணையதளத்தில் போட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் மேயர் அந்த ஏப்ரலிலேயே இறந்துபோயிருந்தார்! உங்கள் ஸ்டூடியோக்காரர் நல்லவேளையாகப் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், கேட்டுவிடலாம்.

அப்புறம், நூறு படங்களை மொத்தமாகக் கொட்டாதீர்கள். வாரம் ஒன்று போதும். முதல் வரியிலேயே அவர் பெயர், ஊர், எடுத்த வருடம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும்; கோப்புக்குள் பதிந்த பெயரும் உதிர்ந்துவிடும். நான் எடுத்த ஒரு தேர்ப் படம் அப்படித்தான் ஊர் சுற்றி, யாரோ அச்சடித்த காலண்டரில் வந்து என் வீட்டுச் சுவரிலேயே தொங்கியது. ஓரத்தில் இனிப்புக் கடையின் பெயர்தான் இருந்தது.