கட்டுச்சோறும் கடைச்சோறும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் ஆனையூரில் இருக்கிறேன். வயது 28. காளவாசல் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் என் அம்மா கட்டிக்கொடுக்கும் டிபன் பாக்ஸோடுதான் போகிறேன். கூட இருக்கும் ஆறு பேரும் மதியம் போனில் ஆர்டர் செய்கிறார்கள், இல்லாவிட்டால் மெஸ்ஸுக்குப் போகிறார்கள். "மிச்சம் பிடித்து மீனாட்சிக்குத் தங்கத்தேரா செய்யப் போகிறாய்?" என்று கேட்கிறார்கள். எனக்குக் கஞ்சன் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வெளியே சாப்பிட்டால் ஒரு வேளைக்கு 110 ரூபாய் ஆகும். தினம் 100 ரூபாய் சேமித்தால் 30 ஆண்டில் ஒரு கோடி என்று ஒருவர் வீடியோவில் சொன்னார். அதை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "இப்படிப் பணம் பணம் என்று அலையாதே" என்று கோபித்துக்கொண்டார்கள். பணத்தை விரும்புவது தப்பா? நான் செய்வது சிக்கனமா, கஞ்சத்தனமா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் அம்மா இரண்டு இடத்தில் வருகிறார். ஓரிடத்தில் சோறு கட்டிக்கொடுக்கிறார், இன்னோரிடத்தில் கோபித்துக்கொள்கிறார். அவர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கடைசியில் பேசுவோம்.

முதலில் கணக்கு. மாதம் 3,000 ரூபாய் போட்டு, ஆண்டுக்கு 12 சதவீதம் தடையில்லாமல் வளர்ந்தால் 30 ஆண்டில் ஒரு கோடியைத் தாண்டும் என்பது சரிதான். ஆனால் அந்த 12 சதவீதத்துக்கு யாரும் பத்திரம் எழுதித் தருவதில்லை. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், அன்றைக்கு வரும் ஒரு கோடி இன்றைய பதினேழரை லட்சத்துக்குத்தான் சமம். இன்று 110 ரூபாய்க்கு நீங்கள் வாங்காமல் விடும் சாப்பாடு அன்று 630 ரூபாய்க்கு விற்கும். இதையும் அந்த நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பாக்ஸில் இருக்கும் சோறு சும்மா வருவதில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், காய், கேஸ் எல்லாம் சேர்த்தால் 40 ரூபாயாவது ஆகும். மிச்சம் 70 ரூபாய். வேலைநாள் 25 என்றால் மாதம் 1,750, ஆண்டுக்கு 21,000. இன்றைய விலையில் கால் பவுன் தேறினால் பெரிது. சிறிய தொகை என்று சொல்லமாட்டேன், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்தால் கைகொடுக்கும். ஆனால் அந்த 1,750 ரூபாயை மாதாமாதம் தனியாக எடுத்து வைக்கிறீர்களா? செலவு செய்யாத பணம் தானாக நடந்துபோய் வங்கியில் உட்கார்ந்துகொள்வதில்லை. பெட்ரோலிலும் போன் தவணையிலும் கரைந்துவிடும். வைப்பதாக இருந்தால் சம்பளம் வந்த அன்றே வையுங்கள். டிபன் பாக்ஸை நம்பி வைக்காதீர்கள்.

கணக்கு இவ்வளவுதான். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

என் அப்பா கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக்கடையில் லோடுமேனாக இருந்தவர். விடிவதற்கு முன்பே லாரி வந்து நின்றுவிடும். வற்றல், புளி, பருப்பு மூட்டைகளை இறக்கி அடுக்கி முடிக்க வெயில் ஏறிவிடும். அம்மா நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். எங்கள் வீட்டில் காலையில் அடுப்பு எரியாது. அப்பா வருடம் முழுவதும் கடையில்தான் சாப்பிட்டார். காலையில் தெருவோரத்து இட்லி, மதியம் அளவுச் சாப்பாடு, சில நாள் வெறும் தேநீரும் பருப்பு வடையும்.

அதே கடையின் முதலாளிக்கு மட்டும் மதியம் ஒரு மணிக்கு வீட்டிலிருந்து ஐந்தடுக்கு கேரியர் சைக்கிளில் வரும். பித்தளை கேரியர், ஈயம் பூசியது. அவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததும், அதைக் கழுவி அடுக்கி வைப்பது அப்பாவின் வேலை. அந்த வீட்டில் இன்று என்ன விசேஷம் என்று கழுவும்போதே தெரிந்துவிடும் என்பார். பெருங்காயம் தூக்கலாக இருந்தால் சாம்பார். கடைசி அடுக்கில் நெய் பிசுபிசுத்தால் பிறந்தநாளோ கல்யாண நாளோ. ஒருநாள் இரவு அம்மா மோர்க்குழம்பு வைத்திருந்தார். அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்தி, "முதலாளி வீட்டு மோர்க்குழம்பும் இதே மணம்தான்" என்றார். அதில் குறையும் இல்லை, பொறாமையும் இல்லை. தெரிந்துகொண்ட ஒரு சேதியைச் சொல்வதுபோல் சொன்னார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், வீட்டுச் சோறு ஏழைக்கு, கடைச் சோறு பணக்காரனுக்கு என்று நீங்களும் உங்கள் நண்பர்களும் ஒரே மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் வளர்ந்த தெருவில் அது தலைகீழாக இருந்தது. கட்டுச்சோற்றுக்கு ஒரு சமையலறை வேண்டும். காலையில் தண்ணீர் வரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நேரத்தில் வீட்டில் இருக்கக்கூடிய ஒரு ஆள் வேண்டும். இவை இல்லாதவர்கள்தான் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அம்மா உணவகங்கள் 2013இல் வந்தபோது சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அங்கே வரிசையில் நின்றவர்களை ஆடம்பரக்காரர்கள் என்று யார் சொல்வார்கள்? அண்ணா பஸ் நிலையம் அருகே 10 ரூபாய்க்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த ராமு தாத்தா 2020இல் காலமானபோது மதுரையே வருத்தப்பட்டது. அவர் கையால் சாப்பிட்டவர்களுக்கு, அது விலைக்கு வாங்கிய சோறு என்ற நினைப்பு வந்திருக்காது.

உங்கள் கையில் இருக்கும் அந்த எவர்சில்வர் பாக்ஸ் ஒரு சொத்து, தம்பி. நோட்டில் அதை நீங்கள் சேர்க்கவே இல்லை.

உங்கள் நண்பர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு பேரும் பணத்திமிரில் வாங்குகிறார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒருவர் அறை எடுத்துத் தங்கியிருக்கலாம். இன்னொருவரின் மனைவி காலை ஆறரைக்கே கம்பெனி பஸ் ஏறுபவராக இருக்கலாம். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் 26 ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். பெண்கள் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். வெஞ்சனத்தை மூடியில் எடுத்து வைத்து மாற்றிக்கொள்வோம். புதிதாக வந்த ஒரு பெண் இரண்டாம் நாள் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கொண்டுவந்தாள். ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். மற்றொருத்தி, "இதையெல்லாம் இங்கே கொண்டுவராதே" என்றாள். அந்தப் பெண் மூடியை அழுத்தி மூடினாள். பிறகு பைக்குள் வைத்து, பைக்கு மேல் கையை வைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து வெளியே போய்த் தயிர் சாதப் பொட்டலம் வாங்கிவந்து சாப்பிட்டாள். அவள் சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகாத செலவு. அன்று நான் எதுவும் பேசவில்லை. பேசியிருக்கவேண்டும் என்று இன்றும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

பாக்ஸைத் திறந்தால் வீடே திறந்துகொள்கிறது. என்ன சாதி, என்ன வரும்படி, மாதக் கடைசியா, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் தெரிந்துவிடுகிறது. 110 ரூபாய்ச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே இலை, ஒரே சாம்பார். அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். ஒளிந்துகொள்ள வேண்டிய நிலையில் ஒருவர் இருந்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உங்களுக்கு அந்தத் தேவை இல்லை என்றால் அது உங்கள் கொடுப்பினை.

பணத்தை விரும்புவது தப்பா என்று கேட்கிறீர்கள். தப்பே இல்லை. பணம் இல்லாத வீட்டில் வளர்ந்தவள் சொல்கிறேன். அப்பாவுக்கு இடுப்பு முறிந்தபோது, பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும்வரை தரையில் கிடந்தார். அன்று கையில் கொஞ்சம் பணம் இருந்திருந்தால் வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்போம். பணம் கேவலம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அது இருக்கிற இடத்தில் நின்றுகொண்டுதான் சொல்கிறார்கள். நிறையச் சம்பாதியுங்கள். சேர்த்து வையுங்கள்.

நம் ஊரில் பணத்தோடு நாம் பழகும் விதம்தான் எனக்குப் பிடிபடுவதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்கு 5,000 ரூபாய் மொய் எழுதிவிட்டு வருகிற கை, மறுநாள் பசிக்கும்போது ஒரு வடைக்கு யோசிக்கிறது. மொய் திரும்பிவரும், நோட்டில் பதிந்திருக்கிறது, அதைத் தப்பு சொல்லவில்லை. ஆனால் நான்கு பேர் முன்னால் கொடுப்பது பெருமை, தனக்கென்று செலவழிப்பது குற்றம், செலவழிக்காமல் இருந்தால் கஞ்சத்தனம் என்று மூன்று பக்கமும் கயிறு கட்டி இழுக்கிறோம். "தங்கத்தேரா செய்யப் போகிறாய்" என்று கேட்பவருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் முன்னால் ஒருவர் பசியோடு இருந்து, நீங்கள் பாக்ஸை மறைத்துக்கொண்டு சாப்பிட்டால் மட்டும்தான் உங்களைக் கஞ்சன் என்பேன்.

இப்போது உங்கள் அம்மா. எட்டரைக்கு ஆனையூரிலிருந்து கிளம்புகிற பிள்ளைக்குச் சோறு, குழம்பு, வெஞ்சனம் வைத்துக் கட்டுவதென்றால் ஐந்து மணிக்காவது எழுந்திருக்கவேண்டும். நான் 20 ஆண்டுகள் எழுந்திருந்தேன், எனக்குத் தெரியும். அந்த மூன்று மணி நேரத்துக்கு உங்கள் நோட்டில் கூலி போடவில்லை. "பணம் பணம் என்று அலையாதே" என்று அவர் கோபித்தது இதனால்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் சோறு கட்டுவது நீங்கள் வயிறாரச் சாப்பிடவேண்டும் என்பதற்காக. அதை 30 ஆண்டுக் கணக்கில் ஒரு தொகையாக எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் சுருக்கென்றுதான் இருக்கும்.

அதனால் பாக்ஸை விடாதீர்கள், வாரத்தில் மூன்று நாளாவது நீங்களே கட்டுங்கள். முடியாத காரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை புளிக்காய்ச்சல் காய்ச்சி வைத்துவிடுங்கள். நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை சுண்டவிடவேண்டும். அது பத்து நாள் கெடாது. சோற்றைச் சுடச்சுடப் பாக்ஸில் போட்டு மூடாதீர்கள். மூடியில் ஆவி கோத்துச் சொட்டி, மதுரை ஏப்ரல் வெயிலில் மதியத்துக்குள் ஊசிப்போகும். தாம்பாளத்தில் கொட்டி, எண்ணெய் விட்டுக் கிளறி, ஆறிய பிறகு அடையுங்கள். தயிர்ச் சோற்றுக்குக் குழைய வடித்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரு கரண்டித் தயிர் மட்டும் விட்டுப் பிசையுங்கள். ஒரு மணிக்குத் திறக்கும்போது புளிக்காமல் உறைந்திருக்கும். இரண்டு கரண்டி கூடுதலாகவே வையுங்கள், கேட்பவருக்குக் கொடுக்க.

மாதத்தில் ஒரு நாள் பாக்ஸ் இல்லாமல் நண்பர்களோடு மெஸ்ஸுக்குப் போங்கள். உங்கள் இலைக்கு நீங்களே கொடுங்கள். அயிரை மீன் குழம்பு இருக்கிற நாளாகப் பார்த்துப் போவது நல்லது. அன்றைக்கு வெளியே சாப்பிடப் போகிறேன் என்று முதல் நாள் இரவே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். காலையில் சொன்னால் அதற்குள் சோறு வடித்திருப்பார்கள்.