நினைவுநாள் நன்கொடையை ஒருவரின் வேலைக்குக் கொடுப்பது எப்படி?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவின் நினைவுநாளில் வருடந்தோறும் ஓர் இல்லத்துக்கு மதிய உணவு கொடுத்து வந்தோம். இம்முறை மாற்றுத்திறனாளிகள் வேலை செய்து உழைப்பதற்கு உதவியாக இரண்டு இலட்சம் ரூபாய் கொடுக்க விரும்புகிறோம். தையல் இயந்திரங்கள் வாங்கிக் கொடுக்கலாமா?"

இயந்திரத்தை முதலில் வாங்காதீர்கள். கொட்டாஞ்சேனையில் நான் சென்ற ஒரு வீட்டில், நன்கொடையாக வந்த மிதி இயந்திரம் துணி போர்த்தப்பட்டுச் சுவாமிப் படங்களைத் தாங்கி நின்றது. அந்தப் பெண்ணுக்கு இரு கால்களும் இயங்காது என்பதைக் கொடுத்தவர்கள் விசாரித்திருக்கவில்லை. பின்னர் மோட்டார் பொருத்தி, காலால் அழுத்தும் விசையை மேசைமேல் வைத்து முழங்கையால் அழுத்தப் பழகிய பிறகே அவர் பாடசாலைச் சீருடைகள் தைக்கத் தொடங்கினார்.

கொழும்பில் பலர் தடுக்கி நிற்பது பயிற்சி முடிவதற்கும் முதற் சம்பளம் கைக்கு வருவதற்கும் இடைப்பட்ட மாதங்களில்தான். சக்கர நாற்காலியில் இருப்பவரால் பஸ் படியில் ஏற முடியாது. தெஹிவளையிலிருந்து கோட்டைக்கு நாள்தோறும் முச்சக்கர வண்டியில் போய்வரும் கூலியைச் சம்பளமில்லாத வீடு தாங்காது. பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசமாகவே, தமிழிலும் கிடைக்கிறது; ஆனால் அதை அலுவலக வேலைக்குப் பயன்படுத்தப் பக்கத்தில் இருந்து பழக்குபவருக்கு ஊதியம் வேண்டும். உங்கள் பணம் போய்ச்சேர வேண்டிய இடம் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

நிறுவனத்தைத் தெரிவுசெய்யும்போது, அது தொண்டர் சமூக சேவை நிறுவனங்களைப் பதிவுசெய்யும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழோ வேறு முறையிலோ பதிவானதா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, சென்ற வருடம் பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள், அவர்களுக்காக வேலைகொள்வோர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் செலுத்துகிறார்களா என்று கேளுங்கள். சம்பளமாக அல்லாமல் "கொடுப்பனவு" மட்டும் கொடுக்கிறோம் என்றால் காரணத்தை விசாரியுங்கள். வேலை அவர்களது உரிமை. அரச துறை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை அவர்களுக்கு ஒதுக்க 1988ஆம் ஆண்டின் சுற்றறிக்கையே பணித்தது, 2016இல் இலங்கை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியது.

வேலை தேடுபவர்களை அறிய உங்கள் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரை அணுகலாம். தொகையை ஒரேயடியாகக் கொடுக்காமல், பயிற்சிக்கு ஒரு பகுதியையும், வேலையில் சேர்ந்தபின் ஆறு மாதங்களுக்குப் பயணச் செலவாக மீதியையும் கொடுப்பதாக எழுத்தில் உடன்படுங்கள். பணத்தைக் கையளிக்கும்போது படம் மட்டும் எடுக்க வேண்டாம். உதவி பெறுபவர் நாளை தன் அலுவலகத்தில் மற்றவர்களோடு சமமாக உட்கார வேண்டியவர்.